வடிகட்டினதுதானே

இரண்டாம் மாடி வீட்டுக்காரருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்னவோ, அந்தக் குடியிருப்பில் அவர் மிச்சம்தான். "மிச்சம் மேல வர்றாரு, காலி பாட்டிலை உள்ள எடுத்து வை" என்று ஒருத்திக்கொருத்தி குரல் கொடுத்துக்கொள்வார்கள். காதில் விழுந்தாலும் மனிதர் கோபித்துக்கொண்டதில்லை. பட்டம் வாங்கியவர் மாதிரி லேசாகத் தலையை ஆட்டிவிட்டு, படிக்கட்டு விளக்கை அணைத்துக்கொண்டே ஏறுவார். பின்னால் வருகிறவர்கள் சுவரைத் தடவிக்கொண்டு வர வேண்டியதுதான்.

அட்டைப்பெட்டி செய்யும் ஆலையில் கிடங்கு பார்க்கிற வேலை. அங்கே ஓவர்டைம் நின்றுபோன சமயத்தில் அவருக்கு இந்தச் சிக்கன நோய் கண்டது. ஆரம்பம் நல்லபடியாகத்தான் இருந்தது. அதையும் சொல்லாமல் விட்டால் பாவம். கைபேசியில் எவரோ ஒருவர் குடும்பச் செலவைக் குறைக்க எளிய வழிகள் என்று தினம் ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆள் இல்லாத அறையில் மின்விசிறி ஓடக் கூடாது, பாத்திரத்தை மூடி வைத்துச் சமைக்க வேண்டும், பசியோடு கடைக்குப் போகக் கூடாது என்று எல்லாம் கேட்கிற மாதிரியான பேச்சு. மின்சாரக் கட்டணம் குறைந்து வந்தபோது அவர் மனைவிக்கே வாயெல்லாம் பல். அதோடு நிறுத்தியிருந்தால் நமக்குப் பேச ஒன்றும் கிடைத்திருக்காது.

ருசி கண்ட மனிதர் எங்கே நிறுத்துவார்? தேய்ந்துபோன சோப்புத் துண்டுகளையெல்லாம் சேர்த்து, வெந்நீரில் குழைத்து, டப்பாவில் அழுத்திப் புதுச் சோப்பு என்று எடுத்து வைத்தார். ஒவ்வொரு பக்கமும் ஒரு நிறம். யாருடையது என்று சொல்ல முடியாத முடி ஒன்று அதற்குள் புதைந்து, ஒரு நுனி மட்டும் வெளியே வளைந்து நின்றது. கொதித்த டீத்தூளைப் பிழிந்து ஜன்னல் கட்டையில் காயப் போட்டார்; அதில் மொய்த்த ஈக்களை விரட்டிவிட்டு மறுபடி டப்பாவில் அள்ளினார். வாய் துடைத்த காகிதத் துண்டுகள் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கின. குளித்த தண்ணீர் தரை துடைப்பதற்காக வாளியில் காத்திருக்கும். காத்திருக்கிற நேரத்தில் அதன் மேல் சாம்பல் நிறத்தில் ஓர் ஏடு படியும். பல் குத்திய குச்சியைக் கழுவி டப்பாவில் திருப்பிப் போட்டதை அவருடைய தங்கையே பார்த்திருக்கிறாள். பார்த்ததோடு நில்லாமல் படிக்கட்டில் நின்று பெருமையாகச் சொல்லவும் செய்தாள்.

தங்கை முதல் மாடியில் குடியிருந்தாள். அண்ணனை மாதிரி ஓர் ஆண்பிள்ளை வீட்டுக்கு ஒருவர் இருந்தால் நாடு எங்கேயோ போயிருக்கும் என்பது அவள் கட்சி. ஆனால் அவள் வீட்டுக் குளியலறையில் மட்டும் எப்போதும் உறை பிரித்த புதுச் சோப்புதான். உள்ளே எட்டிப் பார்த்தவர்கள் சொன்னது.

இத்தனைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது மிச்சத்தின் மனைவி. அவளுக்குக் குடியிருப்பில் பார்லர்க்காரி என்று பெயர். வீட்டின் முன்னறையில் ஒரு சுழல் நாற்காலி, ஒரு கண்ணாடி, ஒரு சின்ன அலமாரி. புருவம் திருத்துவாள், முடி வெட்டுவாள், கை கால் முடியை வேக்ஸ் போட்டு எடுப்பாள். துணிப்பட்டை ஒட்டி இழுக்கிற ரகம் இல்லை. தடவி, ஆறவிட்டு, அப்படியே தோல் உரிகிற மாதிரி உரித்தெடுக்கிற கெட்டி வேக்ஸ். கை நறுவிசு. மூன்றாம் மாடியில் இருக்கும் வங்கிக்காரி, ஊரில் உள்ள பெரிய பார்லர்களையெல்லாம் விட்டுவிட்டு, இவளிடம்தான் கையை நீட்டுவாள்.

முன்னறைக்கும் உள்வீட்டுக்கும் நடுவே ஒரு கனத்த திரை. அதைத் தொங்கவிட்ட அன்றே புருஷனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: உள்ளே உங்கள் ராஜ்யம், ஈ மொய்த்த டீயானாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறேன், திரைக்கு முன்னால் உங்கள் கை வரக் கூடாது. அவரும் சரி என்றார். முன்னறை மட்டும் மருந்துக் கடை மாதிரி பளிச்சென்று இருந்தது. அங்கே உட்கார்ந்து மூச்சு விடுவதற்காகவே சில நாள் வாடிக்கையாளர் இல்லாமலும் உட்கார்ந்திருப்பாள்.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. கட்டடத்தின் தரைத்தளத்தில், தெருவைப் பார்த்த மாதிரி, ஒரு கடை காலியாகிக் கிடந்தது. அது கிடைத்துவிட்டால் வாசலில் பலகை, உள்ளே இரண்டு நாற்காலி, தனித் தண்ணீர்க் குழாய். முக்கியமாக, திரை வேண்டாம். நடுவே ஒரு முழு மாடியே இருக்கும். கடை யாருக்கு என்று முடிவு செய்ய வேண்டியது ஹவுஸ் ஓனரம்மா. அந்த அம்மாளோ சுத்தத்துக்குப் பேர் போனவள். எங்கே உட்காருவதானாலும் முதலில் கைக்குட்டையால் நாற்காலியைத் துடைப்பாள். அடுத்தவர் வீட்டில் தண்ணீர் கொடுத்தால் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். தம்பி மகள் கல்யாணம் வருகிறது, கை இரண்டுக்கும் வேக்ஸ் போட்டுக்கொள்ள வருகிறேன், உன் வேலையைப் பார்த்துவிட்டுக் கடையைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். பார்லர்க்காரிக்கு அன்றிலிருந்து தூக்கம் இல்லை. பலகைக்கு என்ன நிறம் என்பது வரை யோசித்துவிட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் புருஷன்மேல் அவளுக்குக் கொஞ்சம் பிரியம் திரும்பியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சில வாரங்களாக முன்னறைக் குப்பையை அவரே எடுத்துப் போட ஆரம்பித்திருந்தார். சாயங்காலம் திரைக்கு அந்தப் பக்கம் நின்று, "அந்தக் கூடையைக் குடு, நீ களைச்சுப் போயிருப்ப" என்பார். கல்யாணமான புதிதில்கூட இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வங்கிக்காரியிடம்கூட, மனிதர் மாறிக்கொண்டு வருகிறார் என்று சொல்லிச் சிரித்தாள். வேக்ஸ் டப்பா முன்னைவிட அதிக நாள் வருவதைக்கூட, தன் கை பழகிவிட்டது, சிக்கனமாகத் தடவுகிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டாள்.

ஓனரம்மா வந்த நாள் ஆலைக்கு விடுமுறை. மிச்சம் உள்ளே ஏதோ உருட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் வழக்கம்போல் நாற்காலியைத் துடைத்து, தான் கொண்டுவந்த துண்டை விரித்து, அதன்மேல் கையை வைத்தாள். பார்லர்க்காரி டப்பாவைத் திறந்தாள். நேற்று அடி தெரிந்த டப்பா இன்று முக்கால்வாசி நிறைந்திருந்தது. புது டப்பா ஒன்று உள்வீட்டில் இருந்ததே, பதற்றத்தில் அதைப் பிரித்து இதில் கொட்டிவிட்டோம் போல என்று நினைத்தாள். உருகியபோது நிறம் கொஞ்சம் கறுப்பாகத் தெரிந்தது. வாசனைதான் இடித்தது. வேக்ஸில் பிசின் வாசனை வரும், தேன் வாசனை வரும். இதில் தீய்ந்த பாலும் டீயும் கலந்த மாதிரி ஒரு நாற்றம்.

இடது கையில் தடவி, ஆறவிட்டு, ஒரே இழுப்பில் உரித்தாள். நன்றாகத்தான் வந்தது. முழங்கை வரை முடிந்தது. மறுபடி குச்சியை டப்பாவில் விட்டு எடுத்தபோது, சொட்டுகிற வேக்ஸில் ஒரு முடி சுருண்டு தொங்கியது. கட்டையாக, கன்னங்கரேலென்று. ஓனரம்மாவின் கையில் இருந்ததெல்லாம் நரைத்த பூனைமுடி.

பார்லர்க்காரி அதையே பார்த்தாள். இந்த முடியை அவளுக்குத் தெரியும். போன வாரம் அவளே ஒரு கல்லூரிப் பெண்ணின் காலிலிருந்து எடுத்தது.

ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டுத் திரையை விலக்கி உள்ளே போனாள். அடுப்பில் பால் காய்ச்சுகிற பாத்திரம். பக்கத்தில் ஒரு தட்டில் உரித்துப் போட்ட பழைய வேக்ஸ் துண்டுகள், புண் ஆறி உதிர்ந்த பொருக்கு மாதிரி, மயிரும் தோல் பொடியுமாக. மிச்சம் ஒரு கையில் டீ வடிகட்டியைப் பிடித்துக்கொண்டு, பாத்திரத்தைச் சாய்த்து, சொட்டுச் சொட்டாக வடித்துக்கொண்டிருந்தார். வடிகட்டியின் வலையில் முடியெல்லாம் சேர்ந்து சின்னக் குருவிக்கூடு மாதிரி நின்றது. அதைக் கரண்டியால் அழுத்தி, ஒட்டியிருந்த கடைசிச் சொட்டையும் பிழிந்தார்.

"சத்தம் போடாத. சூடா இருக்கு" என்றார், அவள் இன்னும் வாயே திறக்காதபோது.

புது டப்பா எங்கே என்று கேட்டாள். பிரிக்காத டப்பாதானே, கடையில் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிவிட்டாராம். ஒரு தடவை ஒட்டி இழுத்ததால் வேக்ஸுக்கு என்ன குறைந்துபோயிற்று, ஒட்டுகிற குணம் அப்படியே இருக்கிறது, இதைத் தூக்கிப் போட எப்படி மனசு வந்தது என்று அவர் இவளைக் கேட்டார். திரைக்கு முன்னால் தன் கை வரவே இல்லை, குப்பைக் கூடையைத்தான் வாங்கினேன், டப்பாவைக்கூட நீயே உள்ளே கழுவ வைத்தபோதுதான் நிரப்பினேன் என்று ஒப்பந்தத்தையும் எடுத்து நீட்டினார்.

அவள் கண் வடிகட்டியிலேயே இருந்தது.

"டீயும் இதுலதான் வடிகட்டுறீங்களா?"

"நடுவுல கழுவிடுவேன்."

"எதுல கழுவுவீங்க?"

மிச்சத்தின் கண் குளியலறை வாசலில் இருந்த வாளிப் பக்கம் போய்விட்டு வந்தது.

காலையில் குடித்த டீ, நேற்றுக் குடித்த டீ, குப்பையை எடுத்துப் போடுகிறாரே என்று கண் கலங்கியபடி குடித்த டீ, எல்லாம் தொண்டைக்கு ஏறி நின்றது. தொட்டியில் குனிந்து துப்பினாள். வாய் கொப்பளிக்கத் தம்ளரை எடுத்தாள். அதையும் வைத்துவிட்டு உள்ளங்கையில் பிடித்துக் கொப்பளித்தாள்.

முன்னறைக்கு வந்தபோது ஓனரம்மா பாதி முடிந்த கையை நீட்டியபடியே, என்ன நடக்கிறது என்று கழுத்தை வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூடி மறைக்க ஆயிரம் வழி இருந்தது. சூடாக்கும் சட்டி பழுது என்று சொல்லியிருக்கலாம். பார்லர்க்காரிக்கு அதெல்லாம் அப்போது தோன்றவில்லை; குமட்டிக்கொண்டு வருகிறவளுக்குப் பொய் எங்கே வரும்.

"அம்மா, உங்க கையில போட்டது புதுசு இல்ல. மத்தவங்க கையிலயும் கால்லயும் உரிச்சதை இவர் உருக்கி ஊத்தியிருக்காரு. எனக்கு இப்பத்தான் தெரியும். எண்ணெய் தர்றேன், துடைச்சிடுங்க."

கடை போயிற்று, வீட்டைக் காலி செய்யச் சொன்னாலும் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னாள். ஓனரம்மா தன் கையைத் தூக்கி, தம்ளரைப் பார்ப்பது போல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதற்குள் மிச்சமும் வடிகட்டியோடு வெளியே வந்துவிட்டார். முகத்தில் குற்றவாளிக் களை கொஞ்சமும் இல்லை. சபையில் பேசக் கூப்பிட்ட மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு, துண்டை உருக்குவது, வடிப்பது, ஆறவைப்பது, ஒரு டப்பாவுக்கு என்ன மிச்சம் என்று எல்லாவற்றையும் விளக்கினார்.

அந்த அம்மாள் முழுக்கக் கேட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"வடிகட்டினதுதானே?"

"நல்லா வடிகட்டினதுங்க."

"அப்புறம் என்ன. கொதிச்சா எல்லாக் கிருமியும் செத்துடும்" என்றாள் ஓனரம்மா.

பார்லர்க்காரிக்குத் தான் சரியாகக் கேட்டோமா என்று சந்தேகமாகிவிட்டது. இரண்டு பேரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பால்ய சிநேகிதர்கள் சந்தித்தால்கூட அப்படிப் பேசிக்கொள்ள மாட்டார்கள். எத்தனை தடவை உருக்கலாம் என்று அவள் கேட்டாள். நிறம் கறுக்கும்வரை என்று அவர் சொன்னார். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஆள் கூப்பிட்டே வருஷக்கணக்காகிறது, பாசி அடியில் தங்கிவிடும், மேல் தண்ணீர் கண்ணாடி மாதிரிதான் வருகிறது என்று அவள் தன் பங்குக்கு ஒன்றை அவிழ்த்துவிட்டாள். அந்தத் தண்ணீரைத்தான் குடியிருப்பு முழுக்கக் குடித்துக்கொண்டிருக்கிறது. கைக்குட்டையால் நாற்காலி துடைக்கிற கைதான் அது. மிச்சம் அவளைப் பார்த்த பார்வையில் பக்தி தெரிந்தது.

"ஏம்மா, இப்படி ஒரு மனுஷன் கூட இருந்தா கடை நஷ்டத்துல போகவே போகாது. சாமான் வாங்குற பொறுப்பை இவர்கிட்ட விட்டுடு. கீழ்க்கடையை நீயே எடுத்துக்கோ. இப்ப இந்தக் கையையும் முடிச்சு விடு, பாதி ரேட்டு போட்டுக்கலாம்."

கடை கையில் வந்து விழுந்துவிட்டது. செய்ய வேண்டியதெல்லாம் குச்சியை டப்பாவில் விட்டு எடுப்பது, அவ்வளவுதான். கேட்கிறவளே சம்மதித்துவிட்டாள், சாட்சிக்குப் புருஷன். பார்லர்க்காரி குச்சியைக் கையில் எடுக்கவும் செய்தாள். பலகை, இரண்டு நாற்காலி, தனிக் குழாய் எல்லாம் கண்முன்னே வந்து நின்றன. கூடவே அந்தத் தனிக் குழாயில் எந்தத் தொட்டித் தண்ணீர் வரும் என்பதும் வந்தது. குச்சியின் நுனியில் அந்தச் சுருட்டை முடி இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.

சட்டியின் சுவிட்சை அணைத்தாள்.

"நான் போட மாட்டேம்மா."

"எனக்கே அருவருப்பு இல்ல, உனக்கென்ன?"

"எனக்கு இருக்கு."

ஓனரம்மா எழுந்துகொண்டாள். இவ்வளவு சுத்தம் பார்க்கிறவளுக்கு எதற்குத் தொழில் என்று சொல்லிவிட்டு, ஒரு கை முழங்கை வரை மழமழவென்றும் ஒரு கை பூனைமுடியோடும் படியிறங்கிப் போனாள். கல்யாணத்தில் முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு நின்றதாகக் கேள்வி.

அன்றைக்கே பார்லர்க்காரி இன்னொரு காரியம் செய்தாள். சமீபத்தில் வேக்ஸ் போட்டுக்கொண்டு போன ஒவ்வொருத்தியையும் தேடிப் போய், நடந்ததைச் சொல்லி, வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தாள். வாசலில் வைத்தே சிலர் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். கல்லூரிப் பெண்ணின் அம்மா கதவை முகத்தில் அடித்துச் சாத்தினாள். வங்கிக்காரி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தாள். ஓங்கரித்து முடித்துவிட்டு நோட்டை எண்ணி வாங்கிக்கொண்டாள். வீடு திரும்பியபோது மிச்சம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். சொல்லாமல் இருந்திருந்தால் ஒரு பைசா போயிருக்காதே, வாய் திறந்து செய்கிற செலவு இருக்கிறதே அதுதான் உலகத்திலேயே பெரிய ஊதாரித்தனம் என்று புலம்பினார்.

மறுநாள் தனக்கென்று ஓர் அடுப்பும் ஒரு பாத்திரமும் ஒரு தண்ணீர்க் கேனும் வாங்கி முன்னறையில் வைத்துக்கொண்டாள்.

கீழ்க்கடை காலியாக நிற்கவில்லை. தங்கைக்காரி எடுத்துக்கொண்டாள். சாமான் பொறுப்பு அண்ணன். திறந்த முதல் நாளே அவள் இரண்டாம் மாடிக்கு ஏறி வந்து, "கோவிச்சுக்காதீங்க அண்ணி, நீங்க வேண்டாம்னுதானே எங்களுக்கு வந்துச்சு" என்று பல்லைக் காட்டிவிட்டுப் போனாள். புருவம் திருத்தத் தெரியாது, முடி வெட்டத் தெரியாது. வேக்ஸ் மட்டும் போடுவாள்; அதற்குக் கை நறுவிசா வேண்டும், தடவி இழுக்கத் தெரிந்தால் போதாதா. வாசல் பலகையில் பாதி விலை என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

இந்தப் பெண்கள் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். முதல் வாரம் அப்படித்தான் இருந்தது. இரண்டாவது வாரம் ஒருத்தி போனாள். இப்போதெல்லாம் புதுசுதான் போடுகிறார்களாம், அது பழைய கதை என்றாள். அப்படி யார் சொன்னது என்று கேட்டால் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு கதவை அடித்துச் சாத்திய அம்மாள் மகளையும் கூட்டிக்கொண்டு போனாள். போகப் போக உட்கார இடமில்லாமல் வாசலில் பெஞ்சு போட வேண்டியதாயிற்று. பார்லர்க்காரி மேலே ஜன்னலில் நின்று பார்ப்பாள். கைகளைத் தடவிக்கொண்டே வெளியே வருகிறவர்கள், நிமிர்ந்து அவளைப் பார்த்ததும் தெருவில் ஏதோ தொலைத்த மாதிரி குனிந்துகொள்வார்கள். பளபளக்கிற அந்தக் கைகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வாயில் எச்சில் ஊறும். பசியில் ஊறுவது இல்லை, குமட்டலுக்கு முன்னால் ஊறுவது. அவளிடம் வந்தது புருவத்துக்கும் முடிக்கும் வருகிற நாலைந்து பேர்தான்.

ஒரு நாள் மதியம் வங்கிக்காரி படியேறி வந்தாள். வெயிலில் சால்வையை இரண்டு கையையும் மூடிப் போர்த்தியிருந்தாள். உள்ளே வந்து கதவைத் தானே சாத்திவிட்டுச் சால்வையை எடுத்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேல் வரை செக்கச்செவேலென்று தடிப்பு. நடுநடுவே சீழ் வைத்த சின்னச் சின்னக் கொப்புளங்கள். சில உடைந்து துணியோடு ஒட்டியிருந்தன.

எங்கே போட்டீர்கள் என்று பார்லர்க்காரி கேட்கவில்லை. வங்கிக்காரியும் சொல்லவில்லை.

முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் தோன்றியது. ஆனாலும் கையுறை மாட்டிக்கொண்டு, கேனிலிருந்த தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து, பஞ்சில் நனைத்து, ஒட்டியிருந்த இடத்தை மெதுவாக ஊறவைத்துத் துடைத்தாள். புதுப் பொட்டலம் பிரித்துச் சுத்தத் துணி சுற்றினாள். இதற்கு மேல் என் கையில் இல்லை, நேரே டாக்டரிடம் போங்கள் என்றாள். வங்கிக்காரி சரி சரி என்று தலையாட்டினாள். எரிச்சல் அடங்கியதும் முகம் தெளிந்தது.

"உங்க கை மாதிரி வராதுக்கா. வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எவ்ளோ ஆச்சு?"

பார்லர்க்காரி தன் கூலியைச் சொன்னாள்.

வங்கிக்காரி பையைத் திறந்து, துணி சுற்றிய கையால் துழாவி, சில நோட்டுகளை எடுத்தாள். எடுத்தவள் கொடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சிரித்தாள்.

"கீழ பாதிதான் வாங்குறாங்க. பார்த்துப் போட்டுக்கக் கூடாதாக்கா?"

பார்லர்க்காரி கையுறையைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டாள். கூடையின் வாயை இறுக்கிக் கட்டினாள். பிறகு வெறும் உள்ளங்கையை நீட்டியபடி நின்றாள். முழுக் காசும் வந்து விழுகிறவரை அந்தக் கை மடங்கவில்லை.